அசெம்பிள்டா, பிராண்டடா? இரண்டு வீடுகளின் முதல் கம்ப்யூட்டர்கள்

ஆயுத பூசையன்று எங்கள் தறிக்கூடத்தில் 12 தறிகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, அப்பா 13-வதாக இன்னொரு பொட்டு வைப்பார். கணக்கு எழுதும் அறையின் மூலையில் மர ஸ்டூலின் மேல் நிற்கும் வெளிர் சாம்பல் நிறப் பெட்டிக்கு. 2002 ஜூன் மாதம் கோவை அருகே சோமனூருக்கு வந்த எங்கள் முதல் கம்ப்யூட்டர் அது.

அதே மாதம் அவிநாசியில் என் தாய்மாமா வீட்டிலும் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மாமா துணி ஏஜென்ட். கையில் காசு கொஞ்சம் தாராளமாகப் புழங்கிய காலம். கோவையில் ஷோரூமுக்குப் போய், பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் சிஸ்டத்தை அட்டைப்பெட்டி பிரிக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் கோவை காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடையில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து, அங்கேயே கோக்கச் சொல்லி, பஸ்ஸில் கொண்டுவந்தோம். மானிட்டர் அப்பாவின் மடியில், சி.பி.யு. பெட்டி என் கால்களுக்கு நடுவில். சூலூர் தாண்டும்வரை அப்பா மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் அசெம்பிள்டா, பிராண்டடா என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். நான் அசெம்பிள்டு பக்கம்தான். அதற்குக் காரணம் அந்த இரண்டு பெட்டிகளும் வாழ்ந்த வாழ்க்கை.

விலையும் வேகமும் யாருக்கும் தெரிந்த விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது செலரான் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், இன்டெல் 810 சிப்செட் மதர்போர்டு, 128 எம்.பி. ராம் (நினைவகம்), 20 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 15 அங்குல மானிட்டர், விண்டோஸ் 98. யு.பி.எஸ். உட்பட 28,000 ரூபாய்க்குள் முடிந்தது. அப்பா எடுத்த சீட்டுப் பணம். மாமாவுடையது பென்டியம் 4, அதே 128 எம்.பி., 40 ஜி.பி. டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்.பி.; 43,000 ரூபாய். எங்களுடையது நிற்கும் பெட்டி. மாமாவுடையது மானிட்டருக்கு அடியில் படுத்திருக்கும் மெல்லிய பெட்டி, பார்க்க அழகு. வேகத்தில் மாமாவுடையதுதான் மேல். எங்கள் போர்டில் படம் காட்டுவதற்குத் தனி நினைவகம் கிடையாது, இருக்கிற 128-லிருந்தே அதுவும் எடுத்துக்கொள்ளும்.

முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் மாமாதான் ஜெயித்தார். அவர் பெட்டியில் ஃபேன் ஓடுவதே தெரியாது. எங்களுடையது வந்த இரண்டாம் மாதமே மூன்று பீப் அடித்து நின்றது. ராமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் ஓடும். மழைக்காலத்தில் மறுபடி நிற்கும். மாமாவின் விண்டோஸ் முறையாக உரிமம் வாங்கியது. எங்கள் கடைக்காரர் போட்டுக் கொடுத்ததற்கு உரிமம் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அசெம்பிள்டு மலிவு என்று பேசுகிறவர்கள் அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். வாரண்டியிலும் எங்களுக்குக் குழப்பம்தான். ஹார்ட் டிஸ்கிற்கு ஒரு காலம், போர்டுக்கு ஒரு காலம், ராமுக்கு இன்னொன்று, எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சீட்டு. சில ஆண்டுகளில் அந்தக் கடையே இல்லாமல் போனது.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் அசெம்பிள்டு என்கிறேன்? வாங்குகிற நாளில் அப்பா கடைக்காரரிடம் கேட்டது ஒரே கேள்வி: "இது நின்றுபோனால் யார் பார்ப்பார்கள்?" கடைக்காரர் பதில் சொல்லவில்லை. நான்கு திருகுகளைக் கழற்றி, பக்கத் தகட்டை உருவி, பெட்டியை அப்பா பக்கம் திருப்பி வைத்தார். அப்பா குனிந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். தறியைப் பார்க்கிற மாதிரியே, எது எதோடு சேர்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டு. பிறகு "போடுங்கள்" என்றார்.

பராமரிப்பு என்பதுதான் என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் விஷயம். அதிலும் எங்கள் ஊரில். விசைத்தறி ஓடும் வீட்டில் பஞ்சு இல்லாத இடம் கிடையாது. சோற்றுப் பானை மூடியிலும் இருக்கும், சாமி படத்திலும் இருக்கும். கம்ப்யூட்டரின் ஃபேன் நாள் முழுவதும் காற்றை இழுக்கிறது. காற்றோடு பஞ்சையும் இழுக்கிறது. ஆறு மாதத்தில் பிராசசர் மேலிருந்து சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகட்டு இடுக்குகளில் அந்தப் பஞ்சு படிந்து, கம்பளி நெய்த மாதிரி ஒரு மெத்தை ஆகிவிடும். விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். அதற்குப் பிறகு காற்று எங்கே போகும்? பிராசசர் சூடாகி, எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்து நிற்கும். வைரஸ் என்று நினைத்து இரண்டு முறை விண்டோஸை அழித்துப் போட்டிருக்கிறேன். காரணம் பஞ்சு.

காரணம் பிடிபட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை தகட்டைக் கழற்றிப் பெயின்ட் பிரஷ்ஷால் துடைப்பது வழக்கமாயிற்று. சைக்கிள் கடை கம்ப்ரசர் காற்றை அடித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஃபேனை ஒரு பென்சிலால் தடுத்து நிறுத்திக்கொண்டுதான் அடிக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் போய்விடும். கம்ப்ரசர் டாங்கியில் தேங்கிய தண்ணீரை முதலில் வெளியேற்றிவிட வேண்டும். இவையெல்லாம் செய்து செய்து கற்றுக்கொண்டவை.

மாமா வீட்டில் தறி இல்லை. ஆனால் முன்னறையில் துணி பேல்கள் அடுக்கியிருப்பார். பஞ்சு அங்கும் பறக்கும். அவர் பெட்டியின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: பிரித்தால் வாரண்டி கிடையாது. மாமா சொன்ன சொல் தவறாதவர். ஓராண்டு வாரண்டி முடிந்த பிறகும் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. பெட்டி உள்ளே என்ன ஆகிறது என்று யாரும் பார்க்கவே இல்லை.

மின்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். காலையில் சுற்றுவட்டாரத் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கும். எங்கள் அறையில் குண்டு பல்பு மங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இதற்கு யு.பி.எஸ். போதும். யு.பி.எஸ்.ஸால் தீராத ஒரு தொந்தரவும் இருந்தது. பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இருக்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று அம்மா பயந்தார். சால்டரிங் இரும்போடு வீட்டுக்கு வந்த டிவி மெக்கானிக் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் குறையில்லை, வீட்டில் எர்த் சரியில்லை என்றார். பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பாகமான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில், மின்சாரத்தைச் சிறிது தேக்கி விடும் இரண்டு சிறிய கண்டென்சர்கள் இருக்கின்றன. மின்கம்பிகளில் வரும் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி பெட்டியின் உடம்பில் வந்து நிற்கும். பாயும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. வேப்பமரத்தடியில் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குழாய் பதித்து எர்த் போட்டோம். கோடையில் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கம்ப்யூட்டருக்காகப் போட்ட எர்த், வீட்டுக்கே காவல் ஆனது.

இரண்டு பெட்டிகளையும் ஒரே தராசில் நிறுத்தியது 2004 கோடை மழை. ஒரே மாலை, ஒரே இடி. சோமனூரில் எங்கள் பெட்டி, அவிநாசியில் மாமா பெட்டி, இரண்டும் மறுநாள் காலை உயிரில்லாமல் கிடந்தன.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். போர்டுக்குப் போகும் 20 கால் இணைப்பைப் பிடுங்கினேன். அதில் பச்சைக் கம்பி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியையும் ஒரு ஜெம் கிளிப்பை வளைத்து இணைத்தால், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸாக இருந்தால் அதன் ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லை. அப்படியானால் போனது எஸ்.எம்.பி.எஸ். மதிய பஸ்ஸில் காந்திபுரம் போய் 550 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தேன். நான்கு திருகு. மாலை ஆறு மணிக்கு விண்டோஸ் 98-ன் வானமும் மேகமும் திரையில் வந்தன. எந்தக் கடையில் வாங்கினாலும் எங்கள் பெட்டியில் அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. இன்டெல் 1995-ல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வெளியிட்டது: திருகு ஓட்டைகள் எங்கே, இணைப்பில் எத்தனை கால், எந்தக் காலில் எத்தனை வோல்ட் என்று எல்லாம் அதில் வரையறுத்திருக்கிறது. அசெம்பிள்டு கம்ப்யூட்டர் என்ற தொழிலே அப்படியான பொது அளவுகளின் மேல்தான் நிற்கிறது.

மாமாவின் பெட்டிக்கும் போனது எஸ்.எம்.பி.எஸ்.தான். ஆனால் அது மெல்லிய பெட்டி. உள்ளே இருந்தது அந்த மாடலுக்கென்று செய்த ஒடுக்கமான, நீளமான எஸ்.எம்.பி.எஸ். கடைகளில் கிடைக்கும் சாதாரணமானது உள்ளே போகவே போகாது. சர்வீஸ் சென்டரில் பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஐந்து வாரம். ரூபாய் 4,200. அந்த ஐந்து வாரமும் மாமாவின் மகன் கல்லூரி புராஜெக்டை எங்கள் தறிக்கூடச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து முடித்தான். "மாப்பிள்ளை, உன் பெட்டி பரவாயில்லை" என்று ஒருநாள் சொன்னான். அந்தச் சொல் எனக்கு இன்றும் இனிக்கிறது.

2006-ல் மாமாவின் பெட்டியில் அதே பாகம் மறுபடி போனது. இம்முறை அந்த மாடலே நின்றுவிட்டது, பாகம் வராது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் பெட்டிக்கு வெளியே வைத்து, கம்பிகளை மட்டும் இடுக்கு வழியாக உள்ளே விட்டு, நைலான் கயிற்றால் கட்டிக் கொடுத்தான். அந்த அழகான பெட்டி அதன் பிறகு கட்டுப்போட்ட கையோடு நிற்பது போலத்தான் நின்றது.

அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் பெட்டிக்கு வந்தது பெரிய நோய். காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை வராது. ஏழெட்டு முறை அணைத்து அணைத்துப் போட்டால் ஒருமுறை வரும். சூடேறிய பிறகு நாள் முழுவதும் ஓடும். திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசசரைச் சுற்றி நின்ற ஆறு கண்டென்சர்களில் நான்கின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த பொருக்கு. எங்கள் போர்டுக்கு மட்டும் வந்த நோயல்ல அது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான ஏராளமான கண்டென்சர்களில் உள்ளிருக்கும் திரவம் சரியான கலவையில் இல்லாததால், உலகம் முழுவதும் போர்டுகள் இப்படி உப்பிச் செத்தன.

போர்டைக் கழற்றி அதே டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "தம்பி, இது டிவிக்கு வருகிற நோய்தான், பார்த்துவிடலாம்" என்றார். போர்டு பல அடுக்குகளால் ஆனது; உள்ளிருக்கும் செப்பு அடுக்கு சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். அவருடைய 25 வாட் சால்டரிங் இரும்பால் ஈயம் உருகவே இல்லை. 60 வாட் இரும்பை எடுத்து, ஒவ்வொரு காலாக, ஓட்டை கிழியாமல் உருவினார். மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். தன்னிடம் இருந்த சாதாரணக் கண்டென்சர்களை அவர் போட்டார். நான்கு மாதம் ஓடி, மறுபடி உப்பியது. பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி விநாடிக்கு இலட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. உள்தடை அதிகமுள்ள சாதாரண கண்டென்சர் அந்த வேகத்தில் தானே சூடாகிவிடும். 105 டிகிரி தாங்கும், உள்தடை குறைந்த வகையைக் கோவையில் தேடி வாங்கிக் கொடுத்தேன். அவர் போட்டது இன்றும் அந்தப் போர்டில் இருக்கிறது. கூலியும் பொருளும் சேர்த்து 200 ரூபாய்கூட ஆகவில்லை.

இதில் எங்கள் வட்டாரத்தின் பழக்கம் ஒன்றும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரை உருவாக்கியது கோவையில். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் தூக்கி எறிகிறவர் இங்கே யாரும் இல்லை. கம்பிச்சுருளைப் புதிதாகக் கட்டி மறுபடி இறக்குவார்கள். தறிக்கு வேண்டிய உதிரி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். அப்படி ஓர் ஊரில், திறக்கவே கூடாத பெட்டி ஒன்றை அதிகக் காசு கொடுத்து வாங்குவதற்கு என்ன நியாயம்? எங்கள் பெட்டியைப் பிழைக்க வைத்தவர்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. சைக்கிள் கடைக்காரரும், டிவி மெக்கானிக்கும், எர்த் குழி தோண்டிய வயரிங் அண்ணனும்தான். பாகத்தைக் கழற்றி அவர்கள் கையில் கொடுக்க முடிந்ததால் அது நடந்தது.

மென்பொருள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. மாமாவின் கம்பெனி, பாகங்களை விண்டோஸுக்கு அறிமுகம் செய்யும் தனித்தனி டிரைவர் சி.டி.கள் தரவில்லை, ஒரே ஒரு ரெகவரி சி.டி. மட்டும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் எக்ஸ்.பி. இருந்த கம்ப்யூட்டர்களில் பரவியபோது அவர் வீட்டிலும் அது புகுந்தது. 60 விநாடியில் அணையப்போகிறேன் என்று எண்ணத் தொடங்கும். நிறுத்த வழி தெரியாது. பயந்துபோய் ரெகவரி சி.டி.யைப் போட்டார்கள். அது விண்டோஸை மட்டும் திருத்தவில்லை. டிஸ்க் முழுவதையும் துடைத்து, ஷோரூமிலிருந்து வந்த நாளில் இருந்தபடி ஆக்கிவிட்டது. ஓராண்டு ஏஜென்ட் கணக்கு போனது. எங்கள் விண்டோஸ் 98-ஐ அந்த வைரஸ் தொடாது என்பது எங்கள் அதிர்ஷ்டம், அதை அசெம்பிள்டு கணக்கில் வரவு வைக்க மாட்டேன். டிஸ்க் துடைபட்டதை மட்டும் கம்பெனிப் பெட்டியின் பற்றில் எழுதுகிறேன்.

மறுவிற்பனையில் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பெனிப் பெயருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மதிப்பு உண்டு. அதற்குப் பிறகு எடைக்கு எடைதான். மாமாவின் பெட்டி 2008-ல் பழைய இரும்புக் கடைக்குப் போனது. எங்களுடையதை நாங்கள் விற்கவே இல்லை, பாகம் பாகமாக மாற்றினோம். ராம் 256 ஆனது, ஹார்ட் டிஸ்க் 80 ஜி.பி. ஆனது, சி.டி. ரைட்டர் வந்தது. அந்த மானிட்டர் மட்டும் 2009 வரை மாறவில்லை.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் அருகிலிருந்து பார்த்தவை இரண்டே பெட்டிகள். மாமா அதே கம்பெனியின் உயரமான டவர் மாடலை வாங்கியிருந்தால் எஸ்.எம்.பி.எஸ். தொல்லை வராமலே போயிருக்கலாம். மெல்லிய பெட்டியின் பாவத்தைக் கம்பெனிப் பெட்டிகள் எல்லாவற்றின் தலையிலும் நான் ஏற்றக்கூடாது. பழுதென்றால் வந்து பார்க்கும் ஒப்பந்தம் போட்டு, பத்து இருபது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு என் தீர்ப்பு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே ஒரே மாதிரிப் பெட்டிகள் இருப்பதே வசதியாக இருக்கக்கூடும். மடிக்கணினி எங்கள் வீட்டுக்கு 2011-ல்தான் வந்தது, அது வேறு கணக்கு. ஆனால் ஒரு வீட்டுக்கு, அதுவும் பஞ்சும் வோல்டேஜும் படுத்தும் வீட்டுக்கு, ஒரே ஒரு பெட்டி வாங்கிப் பத்தாண்டு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், காந்திபுரத்துக்குப் பஸ் ஏறுங்கள். உரிமத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள்.

சென்ற ஆயுத பூசைக்கு முதல் நாள் பெட்டியைத் திறந்து துடைத்தேன். போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருந்தது. புதிய சி.ஆர். 2032 ஒன்று போட்டு, மகனுடைய மானிட்டரை இணைத்துப் பட்டனை அழுத்தினேன். ஒரே ஒரு பீப். அந்த ஒற்றை பீப்புக்கு எல்லாம் சரி என்று பொருள்.

அப்பாவின் கூலிக் கணக்குகள் அதில் அப்படியே இருக்கின்றன. யூனிகோட் எங்களுக்கு வந்து சேர்வதற்கு முன்னால், ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் நான் அடித்துக் கொடுத்தவை. அந்தக் கோப்பை மகனின் மடிக்கணினியில் திறந்தால் புள்ளியும் கொக்கியும் வைத்த ஆங்கில எழுத்துகள் மட்டும் வரும். அந்த எழுத்துரு இருக்கும் பெட்டியில்தான் அது தமிழாக நிற்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். 2003 தை மாதத்துப் பக்கம். நான்காம் எண் தறி, பாவு எத்தனை, கூலி எத்தனை, முன்பணம் எத்தனை என்று வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், இப்போது உயிரோடில்லாத ஒரு நெசவாளியின் பெயரில் நிறுத்தினார். "இவருக்கு அந்தப் பொங்கலுக்கு முன்னூறு கூடக் கொடுத்தேன், எழுதியிருக்கிறாயா பார்" என்றார். எழுதியிருந்தேன்.

மறுநாள், பழைய பொட்டின் மஞ்சள் தடம் இருந்த அதே இடத்தில், சந்தனத்தைத் தொட்டு வைத்தார்.